அணிநடை வாத்தியக் குழுவில் புதுமுக மாணவர்



தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுக் கல்வியை நிறைவு செய்யும் மாணவர்கள் அடுத்து இடைநிலைப்பள்ளியில் அடியெடுத்து வைக்கின்றனர். அங்கே வகுப்புகள் பல, ஆசிரியர்கள் பலர், பாடம் நடப்பதும் நண்பர்கள் உரையாடுவதும் பெரும்பாலும் மலாய் மொழியில். ஒரே தோட்டத்துப் பிள்ளைகளாகவும் ஒரே குடியிருப்புப் பிள்ளைகளாகவும் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய சிறிய பள்ளியிலிருந்து சென்றவர்க்கு, "இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்னும் எண்ணம் எழுவது இயல்பே. அவ்வெண்ணம் வளர்ந்து பிள்ளை ஒதுங்கி நிற்கத் தொடங்குமாயின், அவ்வொதுக்கமே கல்வியில் நாட்டம் குறைவதற்கு முதற்படியாகிவிடக் கூடும்.

அவ்வாறு நேராமற் காக்கும் வாயில்கள் சில உள. அவற்றுள் ஒன்று பள்ளியின் அணிநடை வாத்தியக் குழு. மக்கள் வழக்கில் இது 'பேண்டு வாத்தியம்' எனப்படும். மலாய் மொழியில் இதனைப் 'பஞ்சராகம்' என்பர். பஞ்சம் என்றால் ஐந்து. ராகம் என்றால் பண். இரு சொற்களும் நமக்குப் பழக்கமானவையே. அக்குழுவில் புதிதாகச் சேரும் மாணவர் எவற்றைக் கற்பர், எவற்றிற்கு ஆயத்தமாக வேண்டும் என்பதை இக்கட்டுரையிற் காண்போம்.

நம் மரபில் நடையும் இசையும்

நடந்துகொண்டே இசைப்பது மேல்நாட்டாரிடமிருந்து வந்த புதுமை என்று சிலர் கருதுவர். அது சரியன்று. நம் கோயில்களிற் சுவாமி புறப்படும்போது நாகசுரமும் தவிலும் முன்னே செல்கின்றன. அப்போது வாசிக்கப்படும் 'மல்லாரி' புறப்பாட்டிற்கென்றே அமைந்த இசைவகையாகும். கோலாலம்பூரில் 1873ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து தைப்பூசத்தை முன்னிட்டுப் பத்துமலை நோக்கி வெள்ளி ரதம் புறப்படும் காட்சியை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அங்கே மேளம் முழங்குகிறது. மக்கள் அதனோடு நடக்கின்றனர். நடைக்கும் தாளத்திற்கும் உள்ள உறவை நம் பிள்ளைகள் மழலைப் பருவத்திலேயே அறிந்துள்ளனர்.

இன்று நாம் காணும் பேண்டு வாத்தியத்தின் அமைப்பு பல நாட்டாரின் கொடையால் உருவானது. துருக்கியை ஆண்ட உதுமானியப் பேரரசின் படைகளோடு 'மெஹ்தர்' என்னும் வாத்தியக் குழு சென்றது. அதனைக் கண்ட ஐரோப்பியர் பெருமுரசையும் கைத்தாளத்தையும் 18ஆம் நூற்றாண்டில் தம் படை வாத்தியங்களிற் சேர்த்துக் கொண்டனர். 1798 முதல் 1832 வரை தஞ்சையில் மன்னராயிருந்த இரண்டாம் சரபோசி, தம் அரண்மனையில் மேல்நாட்டு முறையில் ஒரு வாத்தியக் குழுவை அமைத்தார். அக்காலத்தவரான முத்துசாமி தீட்சிதர், மேல்நாட்டு வாத்திய மெட்டுகள் சிலவற்றிற்கு வடமொழியிற் பாடல்கள் இயற்றினார். அவை இன்றளவும் 'நோட்டுஸ்வரம்' என்னும் பெயரால் வழங்குகின்றன. மேல்நாட்டுக் கருவியாகிய கிளாரினெட்டில் நம் கருநாடக இசையை வாசித்துப் பெரும்புகழ் பெற்ற திருச்சிராப்பள்ளி ஏ. கே. சி. நடராஜன் அவர்களுக்கு 2022ஆம் ஆண்டிற் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆகவே, "இது நமக்கு உரியதன்று" என்று எந்தப் பிள்ளையும் பின்வாங்க வேண்டுவதில்லை.

கோலாலம்பூர் கண்ட வாத்தியக் குழுக்கள்

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிலாங்கூர் அரசுக்கென ஒரு வாத்தியக் குழு இருந்தது. அதில் வாசித்தவர்கள் பிலிப்பைன்சிலிருந்து வரவழைக்கப்பட்ட கலைஞர்கள். இன்று மெர்டேக்கா சதுக்கம் என வழங்கும் அன்றைய திடலில் மக்கள் அவர்கள் இசையைக் கேட்டு மகிழ்ந்தனர்.

பள்ளிகளை நோக்கினால், 1893ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் நம் நினைவிற்கு வரும். அதன் தொடக்கக் கால அறங்காவலருள் ஒருவர், மாரியம்மன் ஆலயத்தோடும் பத்துமலையோடும் தொடர்புடைய தம்புசாமிப் பிள்ளை அவர்கள் என்பது நாம் பெருமிதங் கொள்ளத் தக்க செய்தியாகும். அப்பள்ளியின் மாணவர் படையணியோடு வளர்ந்த வாத்தியக் குழு, நாட்டின் பழமையான பள்ளி வாத்தியக் குழுக்களுள் ஒன்று.

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் நாட்டின் விடுதலை அறிவிக்கப்பட்டபோது 'நெகாராகூ' முழங்கியது. அதே நாட்டுப்பண் இன்று பள்ளிகளின் காலைச் சபைகளில் ஒலிக்கிறது. அதனைப் பிழையற வாசிப்பது பள்ளி வாத்தியக் குழுவினர் தலைமேற்கொள்ளும் கடமைகளுள் முதன்மையானது.

குழுவின் உறுப்புகள்

தமிழர் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நால்வகையாகப் பகுத்தனர். அணிநடை வாத்தியக் குழுவில் இவற்றுள் மூன்று வகைகளைக் காணலாம். முரசு வகைகள் தோற்கருவிகள். புல்லாங்குழல், கிளாரினெட், சாக்சபோன், டிரம்பெட், டிராம்போன், டூபா ஆகியன துளைக்கருவிகள். இரு கைகளாலும் மோதி ஒலிக்கும் பெருந்தாளம் கஞ்சக்கருவி. நரம்புக்கருவிகள் மட்டும் இடம்பெறுவதில்லை. திறந்த வெளியில் அவற்றின் மெல்லொலி எட்டாது. வெயிலையும் தூறலையும் அவை தாங்குவதும் அரிது.

கிளாரினெட்டிலும் சாக்சபோனிலும் நாணலாற் செய்த ஒற்றைச் சீவாளி அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. நாகசுரத்தின் சீவாளி இரட்டை மடிப்புடையது. டிரம்பெட் முதலிய பித்தளைக் கருவிகளிற் சீவாளியே இல்லை. வாசிப்பவரின் உதடுகளே அதிர்கின்றன. எனவே எந்தக் கருவி யாருக்குப் பொருந்தும் என்பதைப் பிள்ளையின் உதடு, பல்வரிசை, விரல் நீளம், உடல்வலிமை ஆகியவற்றைக் கண்டு ஆசிரியர் முடிவு செய்வார். "டிரம்பெட் தந்தாற்றான் வருவேன்" என்று புதுமுக மாணவர் பிடிவாதம் செய்வது முறையன்று. பெருமுரசு தட்டுபவர் ஒரே ஓர் அடி பிசகினாலும் குழு முழுவதும் தடுமாறும். அங்கே சிறிய பணி என்று ஒன்றில்லை.

புதுமுக மாணவர் கற்கும் முறை

முதலிற் கற்க வேண்டுவது கருவியன்று, நடை. அணிவகுப்புக் கட்டளைகள் மலாய் மொழியில் அமையும். 'செடியா' என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும். செடி கொடி எதனையும் தேட வேண்டா! 'செனாங் டிரி' என்றால் தளர்ந்து நிற்கலாம். 'செப்பாட் ஜாலான்' என்றால் விரைநடை தொடங்க வேண்டும். 'ஹென்தி' என்றால் நிற்க வேண்டும். நடை எப்போதும் இடக்காலிலேயே தொடங்கும். படை வழக்கில் விரைநடைக்கு நிமிடத்திற்கு 120 அடிவைப்புகள். ஓர் அடிவைப்பின் நீளம் 30 அங்குலம், அதாவது ஏறத்தாழ 76 சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால், ஒரு நிமிடத்தில் 90 மீட்டருக்குச் சற்று மிகுதியாகக் கடக்கிறோம். பள்ளிச் சிறுவர்க்கு ஏற்றவாறு ஆசிரியர் இவ்வளவைக் குறைத்துக் கொள்வதுண்டு.

இரண்டாவது, மூச்சு. ஊதுகருவி வாசிப்பவர் தோளை உயர்த்தி மேலோட்டமாக மூச்சு வாங்கினால் விரைவிற் களைத்துப் போவர். வயிறு விரியும்படி ஆழ்ந்து மூச்சிழுத்துச் சீராக விடுதல் வேண்டும். நான்கு எண்ணிக்கையில் உள்ளிழுத்து, நான்கில் விடுதல். பின்னர் எட்டில் விடுதல். பின்னர் பன்னிரண்டில் விடுதல். கருவியின்றி வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சி இது.

மூன்றாவது, ஒலி. முதல் வாரங்களில் நீண்ட ஒற்றைச் சுரத்தை நடுக்கமின்றி நிறுத்துவதே பாடம். கேட்போர்க்கு அது சலிப்பூட்டலாம். ஆயினும் அடித்தளம் நன்கு அமைந்தாலன்றி வீடு நிலைக்காது. அதன்பின் இசைக்குறிகளைப் படிக்கக் கற்பிப்பர். நாம் ச, ரி, க, ம என்பதை மேல்நாட்டார் டோ, ரே, மி, ஃபா என்பர். ஐந்து கோடுகளின்மீது புள்ளிகளாக அவற்றை எழுதுவர்.

நான்காவது, இவையனைத்தையும் ஒருங்கே செய்தல். குதிகாலை மெல்ல ஊன்றி, பாதத்தை முன்னோக்கி உருட்டி நடக்க வேண்டும். துள்ளி நடந்தால் கருவியின் வாய்ப்பகுதி பல்லில் இடிக்கும், ஒலியும் நடுங்கும். தலை திரும்பாமல் கடைக்கண்ணால் வரிசையை நோக்கல் வேண்டும். தொடக்கத்திற் கால் சரியானால் விரல் பிசகும். விரல் சரியானாற் கால் பிசகும். இஃது எல்லார்க்கும் நேர்வது, பயிற்சியால் நீங்குவது.

கண்ணை நம்புவதா, காதை நம்புவதா?

தொலைவில் ஒருவர் மரம் வெட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். கோடரி விழுவது முதலிற் கண்ணுக்குத் தெரியும். ஓசை சற்றுப் பின்னரே காதுக்கு எட்டும். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் மட்டுமே செல்வது இதற்குக் காரணம். ஒரு குழு 34 மீட்டர் நீளத்திற்கு அணிவகுத்திருப்பதாகக் கொள்வோம். ஒரு முனையில் அடிக்கும் முரசொலி மறுமுனையை அடைய ஒரு நொடியிற் பத்தில் ஒரு பங்கு ஆகும். விரைநடையில் ஓர் அடிவைப்பிற்கு அரை நொடி. எனவே, காதை மட்டும் நம்பி நடப்பவர் ஓர் அடிவைப்பில் ஐந்தில் ஒரு பங்கு பிந்திவிடுவார். குழுத்தலைவர் நீண்ட கோலை உயர்த்தித் தாழ்த்துவது அழகிற்காக மட்டுமன்று. அக்கோலைக் கண்ணால் நோக்கி நடந்தால் முன்வரிசையும் பின்வரிசையும் ஒன்றாய் அடிவைக்க இயலும். அறிவியற் பாடம் திடலிலும் பயன்படுகிறது, பார்த்தீர்களா?

நாகசுரக் கலைஞர் ஒருவர் தம் கற்பனைக்கேற்ப இராகத்தை விரித்து வாசிக்கலாம். அணிநடைக் குழுவில் அவ்வுரிமை இல்லை. தன் ஒலி பிறர் ஒலியோடு இயைகிறதா என்று கேட்பதே முதற்கடமை. உரக்க ஊதித் தன்னைக் காட்டிக் கொள்பவரை அக்குழு விரும்பாது. தேரை ஊர்கூடி இழுக்க வேண்டும் என்பார்களன்றோ! வடத்தைத் தனியே ஒருவர் வேகமாக இழுத்தாற் பயனில்லை. தந்தை யார், வீட்டில் எம்மொழி, ஊர் எது என்னும் வேறுபாடுகள் அவ்வரிசையில் மறைந்துவிடும். கால் சேர்கிறதா என்பதே அங்கு கேள்வி. புதிய பள்ளியில் ஒதுங்கி நின்ற பிள்ளைக்கு, தமிழர், மலாய்க்காரர், சீனர் என வலமும் இடமும் தோழர்கள் கிட்டுவது இவ்வாறுதான்.

பெற்றோர் கவனத்திற்கு

"வாத்தியம் வாசித்தாற் படிப்புக் கெடும்" என்பது பெற்றோர் பலரின் அச்சம். அஃது அடிப்படையற்றதன்று. விழாக்கள் நெருங்கும்போது பயிற்சி நேரம் நீளும். ஆதலின் வீட்டில் ஒரு கால அட்டவணை வேண்டும். வீட்டுப்பாடம் முடிந்ததா என்று நாள்தோறும் கேட்டறிதல் வேண்டும். அதேவேளையில், அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவிற்கான மதிப்பீட்டிற் பத்து விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கு உரியது என்பதையும் மறத்தலாகாது. அங்கே ஓரிரு புள்ளிகளால் வாய்ப்பை இழந்தோர் படும் வருத்தம் நாம் அறிந்ததே.

சேர்வதற்கு முன்னர்ப் பொறுப்பாசிரியரிடம் நேரிற் சென்று நான்கு செய்திகளைக் கேட்டறிவது நன்று. கருவியைப் பள்ளி தருமா? சீருடைக்கும் காலணிக்கும் எவ்வளவு செலவாகும், தவணையிற் செலுத்தலாமா? பயிற்சி எந்நாட்களில், எத்தனை மணிக்கு முடியும்? அந்நேரத்திற்குப் பின் வீடு திரும்பப் பேருந்து உண்டா? விடியலில் வேலைக்குச் செல்லும் பெற்றோர்க்கு இந்நான்காவது கேள்வியே மிக முக்கியம். ஒரே பகுதிப் பிள்ளைகள் இருவர் மூவர் சேர்ந்தால் துணையும் ஆகும், செலவும் குறையும். பெண் பிள்ளைகளையும் தயங்காமல் அனுப்புங்கள். மூச்சுக்கும் தாளத்திற்கும் ஆண் பெண் என்னும் பேதமில்லை.

உடல்நலமும் கருதத்தக்கது. வெயிலிற் பயிலும் பிள்ளை தண்ணீர்ப் புட்டியின்றிச் செல்லலாகாது. ஒருவர் ஊதிய வாய்ப்பகுதியைக் கழுவாமல் மற்றொருவர் பயன்படுத்தலாகாது. ஈளை நோயுடைய பிள்ளைகள் மருத்துவரைக் கலந்து கொண்ட பின்னரே ஊதுகருவியைத் தொடுதல் வேண்டும். அவர்கள் முரசுப் பகுதியிற் சேரவும் இடமுண்டு.

முடிவுரை

மாணவமணிகளே! அடுத்த ஆண்டு நீங்கள் நுழையவிருக்கும் பள்ளி கிள்ளானில் இருக்கலாம், பிரிக்பீல்ட்சில் இருக்கலாம். மாலையில் வாத்திய அறையிலிருந்து முரசொலி கேட்டால் வாயிலிலேயே நின்றுவிடாதீர்கள். உள்ளே சென்று ஆசிரியரை வணங்கி, "நான் சேரலாமா?" என்று கேளுங்கள். அக்கேள்விக்கு வேண்டிய மலாய்ச் சொற்களை இப்பள்ளியிலேயே கற்றிருக்கிறீர்கள். இசையறிவு இல்லையே என்று அஞ்ச வேண்டா. இடக்காலை முதலில் எடுத்து வைக்கத் தெரிந்தாற் போதும். மற்றவை படிப்படியாய் வந்து சேரும்.

சிந்தித்து விடை கூறுக

1. அணிநடை வாத்தியக் குழுவில் நரம்புக்கருவிகள் இடம்பெறாமைக்குக் காரணம் யாது?
2. நாகசுரச் சீவாளிக்கும் கிளாரினெட் சீவாளிக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. குழுவின் நீளம் 68 மீட்டராயின், முரசொலி ஒரு முனையிலிருந்து மறுமுனையை அடைய எவ்வளவு நேரமாகும்?
4. உங்கள் ஊர்த் திருவிழாவில் நடந்துகொண்டே வாசிக்கப்படும் கருவிகளைப் பட்டியலிட்டு, அவை எவ்வகைக் கருவிகள் எனப் பகுத்து எழுதுக.