பிள்ளை எழுதினால் படிக்க ஓர் ஆள் வேண்டும்



நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கரும்பலகையில் உள்ளதை அழகாகப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். "நேற்று நீ பார்த்ததை நாலு வரி எழுது" என்று சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இதற்கு அறிவுக் குறைவு காரணமல்ல. அவர்கள் சொந்தமாக எழுதியதைப் படித்துவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்க ஆள் இருந்ததில்லை. நோட்டில் ஒரு 'சரி' குறி விழும், அல்லது சிவப்பு மையில் ஒரு சுழி விழும். அத்தோடு முடிந்தது.

இந்தக் குறையைத் தீர்க்க நாம் வெளியூரிலிருந்து யாரையும் அழைத்து வர வேண்டியதில்லை. பி.எட்., டி.எல்.எட். படிக்கும் பிள்ளைகள் நம் மஹல்லாக்களிலேயே இருக்கிறார்கள். அந்தப் பயிற்சி ஆசிரியர்கள் சின்னப் பிள்ளைகளின் எழுத்துக்கு எப்படி வழிகாட்டலாம் என்பதே இம்மாதப் பாடம்.

மார்க்கம் காட்டிய வழி

முதன்முதலில் இறங்கிய வஹியே ஓதுவதையும் எழுதுகோலையும் பற்றிப் பேசியது. ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் பணம் கட்ட வழியில்லாத, ஆனால் எழுதத் தெரிந்தவர்களிடம், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுத் தருவதையே மீட்புத் தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஆக்கினார்கள். ஒருவருக்குப் பத்துப் பிள்ளைகள் என்று ஸீரா நூல்களில் வருகிறது. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தது ஹதீஸில் பதிவாகியுள்ளது. பெண்ணுக்குப் பெண் எழுத்தறிவித்தது அன்றே நம்மிடம் இருந்த வழக்கம்.

ஒரு கிராமத்து ஆசிரியர் கண்டது

பிரான்சின் தெற்கே பார்-சுர்-லூ என்ற கிராமத்தில் 1920-இல் பணியில் சேர்ந்தவர் செலஸ்தேன் ஃப்ரெனே. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டதால் அவரால் உரக்கப் பேசி நீண்ட நேரம் பாடம் நடத்த முடியவில்லை. பிள்ளைகள் தாங்கள் கண்டதைத் தாங்களே எழுதட்டும் என்று விட்டார். சிறிய அச்சு இயந்திரம் ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். பிரித்தானிப் பகுதியின் ட்ரெகுங் ஊர்ப் பள்ளியோடு எழுத்துப் பரிமாற்றம் தொடங்கியது. தம் ஊரைக் காணாத பிள்ளைகளுக்கு எழுதும்போது, அவர்களுக்கு விளங்கும்படி எழுத வேண்டிய தேவை பிள்ளைகளுக்குத் தானாகவே வந்துவிட்டது.

நாம் செய்யக்கூடியது

நமக்கு அச்சு இயந்திரம் தேவையில்லை. பிள்ளைக்கு ஒரு நோட்டு போதும். இடப்பக்கம் பிள்ளை எழுதட்டும், வலப்பக்கம் பயிற்சி ஆசிரியர் பதில் எழுதட்டும். வாரம் ஒரு நாள், மக்தப் முடிந்த பின் அரை மணி நேரம் போதுமானது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "எங்க ஆடு குட்டி போட்டுச்சு. ஒன்னு கருப்பு ஒன்னு வெல்ல" என்று எழுதியதாக வைத்துக்கொள்வோம். உடனே பிழையைச் சுழிக்க வேண்டாம். "வெள்ளைக் குட்டிக்கு என்ன பெயர் வைத்தாய்? தாய் ஆடு உன்னைத் தொட விட்டதா?" என்று எழுதுங்கள். பிள்ளை பதில் எழுதும்போது 'வெள்ளை' என்ற சொல் கண்முன்னே இருக்கும். ஒரு முறைக்கு ஒரு திருத்தம் போதும். பிள்ளைக்காக நீங்களே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

மாதம் ஒரு முறை, பிள்ளை விரும்பித் தருவதைச் சேர்த்துக் கையெழுத்து இதழாகத் தைத்து, வீடு வீடாகச் சுற்றுக்கு விடலாம். நன்னியும் அப்பாவும் படித்துவிட்டுக் கீழே ஒரு வரி எழுதினால் அந்தப் பிள்ளை அடுத்த மாதம் கேட்காமலே எழுதும்.

பயிற்சி ஆசிரியருக்கு என்ன பலன்?

தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014 விதிமுறைகள் இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரங்களைப் பள்ளிப் பயிற்சிக்கு ஒதுக்கின. பாடத்திட்டம் எழுதுவதிலும் பதிவேடு முடிப்பதிலும் அந்த நாட்கள் ஓடிவிடும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளையை அறிந்துகொள்வது கடினம். ஐந்து பிள்ளைகளின் நோட்டுக்கு வாராவாரம் பதில் எழுதிப் பாருங்கள். யாருக்கு ல, ள, ழ குழம்புகிறது, யார் பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறது, யார் வரவரச் சோர்ந்து படிப்பை விடும் நிலைக்குப் போகிறது என்பதெல்லாம் தெரியவரும். கண் பரிசோதனையோ பெற்றோரோடு ஒரு பேச்சோ உரிய நேரத்தில் நடந்தால் ஒரு பிள்ளையின் படிப்பு காப்பாற்றப்படும்.

பேண வேண்டிய ஒழுங்குகள்

வீட்டுச் சண்டை, கடன், நோய் பற்றிப் பிள்ளை எழுதினால் அது அமானிதம். இதழில் போடவும் கூடாது, பிறரிடம் பேசவும் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் பொறுப்பான பெரியவரிடம் உடனே சொல்ல வேண்டும். நல்ல எழுத்தைப் பாராட்டும்போது மற்ற பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். வகுப்பு எப்போதும் திறந்த இடத்தில், பெரியவர்கள் பார்வையில் நடக்கட்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சி ஆசிரியர்களே வழிகாட்டட்டும்.

பெற்றோர்களே, உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் தயங்க வேண்டாம். "நீ எழுதியதை வாசித்துக் காட்டு மவளே" என்று உட்கார்ந்து கேளுங்கள். அந்த ஐந்து நிமிடமும் பாடம்தான். ஆசிரியப் பயிற்சி படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த மாதமே ஐந்து பிள்ளைகளை ஒப்படையுங்கள். கற்ற கல்வியைப் பிறருக்குப் பயனாக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.