நீர் காய்ச்சுவதற்கு வேண்டிய விறகு

பத்து லிட்டர் நீரைக் கொதிக்க வைப்பதற்கு எவ்வளவு விறகு தேவை? கிராமங்களில் விறகு சேகரிப்போர் பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களுமே. ஆதலின் இவ்வினாவின் விடை அவர்களுடைய உழைப்பைப் பற்றியதும் ஆகும்.

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்த்துவதற்கு ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் நீரின் எடை ஏறக்குறைய ஒரு கிலோகிராம். எனவே, லிட்டர் அளவை உயர வேண்டிய டிகிரிகளால் பெருக்கினால், நீர் பெற வேண்டிய வெப்பம் கிடைக்கும்.

நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல் மட்டத்திற்கே பொருந்தும். பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்குக் காற்றழுத்தம் குறைவாகையால் நீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கிறது. 25 டிகிரியிலுள்ள 10 லிட்டர் நீர் அங்கு 72 டிகிரி உயர வேண்டும்; அதற்கு 720 கிலோகலோரி, அதாவது சுமார் 0.84 யூனிட் மின்சாரத்திற்குச் சமமான வெப்பம் தேவை. இரண்டு கிலோகிராம் எடையுள்ள அலுமினியப் பாத்திரம் மேலும் 32 கிலோகலோரியையே ஏற்கும்.

உலர்ந்த விறகு, கிலோகிராமுக்குச் சுமார் 3,600 கிலோகலோரி தருவதாகக் கொள்ளலாம். வெப்பம் முழுவதும் நீரைச் சேருமாயின் 200 கிராம் விறகே போதும். ஆனால் பெரும்பகுதி புகையோடும் காற்றோடும் வெளியேறுகிறது. அடுப்பின் சுவர்களும் ஒரு பகுதியை ஏற்கின்றன. நீரைச் சேரும் பங்கே அடுப்பின் பயன்திறன். அது 10 சதவிகிதமாயின் 2 கிலோகிராம் விறகு செலவாகும்; 40 சதவிகிதமாயின் அரை கிலோகிராமே செலவாகும்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் அமுல்ய ரெட்டியின் முயற்சியால் 1974-இல் 'அஸ்த்ரா' என்னும் கிராமத் தொழில்நுட்பப் பிரிவு தோன்றியது. துமகூரு மாவட்டக் கிராமங்களில் இப்பிரிவு நடத்திய ஆய்வில், விறகே முதன்மையான எரிபொருள் என்றும், அதில் பெரும்பங்கு சமையலுக்கும் வெந்நீருக்கும் செலவாகிறது என்றும் தெரிய வந்தது. பின்னர் 1980-களில் மூன்று பாத்திரங்களை ஏற்றக்கூடிய, புகைபோக்கியுடைய அடுப்பு ஒன்று அங்கு உருவாக்கப்பட்டது. முதற் பாத்திரத்தைக் கடந்து செல்லும் சூடான வாயு மற்ற இரண்டையும் சூடாக்கும். ஒரு வாய் வெறுமையாக இருப்பின் அவ்வெப்பம் வீணாகும் என்பதைப் பயன்படுத்துவோருக்கு விளக்குதல் அவசியம்.

ஓர் அடுப்பின் பயன்திறனைப் பள்ளியிலேயே அளக்கலாம். விறகை நிறுத்துக் கொண்டு, மூடிய பாத்திரத்தில் 10 லிட்டர் நீரைக் காய்ச்ச வேண்டும். நீர் கொதித்தவுடன் தீயை அணைத்து, எஞ்சிய விறகை நிறுக்க வேண்டும். கரி மிஞ்சினால், அதன் எடையைப் போல இருமடங்கு விறகு மிஞ்சியதாகக் கொள்ளலாம். செலவானது 1.5 கிலோகிராம் எனில், வெளிப்பட்ட வெப்பம் 5,400 கிலோகலோரி. பயன்திறன் சுமார் 13 சதவிகிதம். ஈர விறகைக் கொண்டு இச்சோதனையைச் செய்தல் கூடாது. விறகின் ஈரத்தைப் போக்கவே ஒரு பகுதி வெப்பம் செலவாகிவிடும்.

கொதித்த பின்னரும் தீயைப் பெருக்குவதால் நீரின் சூடு மிகாது, ஆவியே மிகும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 540 கிலோகலோரி செலவாகிறது. அரை லிட்டர் ஆவியானால் 270 கிலோகலோரி வீணாகும்; இது பத்து லிட்டரைக் கொதிக்க வைத்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகும். ஆதலின் புதிய அடுப்பு அமைக்க இயலாத வீட்டிலும் உலர்ந்த விறகு, மூடி, கொதித்தபின் குறைத்த தீ ஆகிய மூன்றும் விறகுச் சுமையைக் குறைக்கும்.