ஆயிரங்கால் மண்டபத்துக்கு ஏன் ஆயிரம் கால்?

சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையில் நெய்யப்படும் கோரைப் பாயை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பாயைச் சுருட்டலாம், மடிக்கலாம், இரு முனைகளையும் பிடித்து இழுக்கலாம், தாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு கோரையை நட்டமாக நிறுத்தி மேலிருந்து அழுத்தினால் உடனே வளைந்துவிடும். கருங்கல்லின் குணம் இதற்கு நேர்மாறானது. மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் கல் தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ முறிந்துவிடும். நம் கோயில் மண்டபங்களின் அமைப்பைத் தீர்மானித்தது இந்த ஒரு குணமே எனலாம். எப்படி என்று நெல்லையப்பர் கோயிலில் பார்ப்போமா?

இரு கோயில்கள், ஒரு வளாகம்

திருநெல்வேலி டவுனில் உள்ள இக்கோயில் ஒரே காலத்தில், ஒரே அரசரால் கட்டப்பட்டதன்று. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. பாண்டியர், சோழர் காலக் கல்வெட்டுகள் இங்கே உள்ளன. நெல்லையப்பருக்கும் காந்திமதியம்மனுக்கும் தனித்தனியே கோயில்கள் இருந்தன. இரண்டையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்தை 1647ஆம் ஆண்டில் வடமலையப்ப பிள்ளையன் கட்டினார்.

அம்மன் கோயிலில் இருப்பது ஆயிரங்கால் மண்டபம். ஐப்பசித் திருக்கல்யாணம் நடைபெறும் இடம் அது. நீளம் 520 அடி. அகலம் 63 அடி. அகலவாக்கில் 10 தூண்கள், நீளவாக்கில் 100 தூண்கள். வகுத்துப் பாருங்கள்: ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையே ஒருபுறம் சுமார் 5 அடி, மறுபுறம் சுமார் 6 அடி.

இந்திய கட்டடக் கலை வரலாற்றை 1876இல் எழுதி வெளியிட்ட ஜேம்ஸ் பெர்குசன் என்ற ஸ்காட்லாந்து அறிஞருக்கு இந்த மண்டபம் பிடிக்கவில்லை. அணிவகுத்து நிற்கும் சிப்பாய்களைப்போல் தூண்கள் நிற்பதாக அவருக்குத் தோன்றியது. பாதித் தூண்களை வேறுவிதமாக அமைத்திருந்தால் இன்னும் சிறப்பாக இருந்திருக்கும் என்பது அவர் கருத்து. அழகைப் பற்றி அவரவர் கருத்து அவரவருக்கு. ஆனால் பாதித் தூண்களோடு மண்டபம் நின்றிருக்குமா? அதற்கு இயற்பியல்தான் விடை கூற வேண்டும்.

சாக்பீஸ் சொல்லும் பாடம்

ஒரு முழு சாக்பீஸை மேசைமேல் நிறுத்தி, அதன் தலையில் ஒரு புத்தகத்தை வைத்து மெதுவாக அழுத்துங்கள். எளிதில் உடையாது. இப்போது அதே சாக்பீஸை இரு பென்சில்களின்மேல் பாலம்போல் கிடத்தி, நடுவில் விரலால் அழுத்துங்கள். சட்டென்று முறிந்துவிடும்.

காரணம் என்ன? இரு முனைகளிலும் தாங்கப்பட்ட ஒரு பொருள் சுமையால் வளையும்போது அதன் மேற்பரப்பு சுருங்குகிறது, அடிப்பரப்பு நீள்கிறது. அதாவது மேலே அமுக்கம், கீழே இழுவிசை. முறிவு தொடங்குவது கீழ்ப்புறத்தில்தான். கருங்கல்லும் இப்படித்தான். ஒரு சதுர சென்டிமீட்டர் கருங்கல் 1,000 கிலோகிராமுக்கும் மேற்பட்ட அமுக்கத்தைத் தாங்கக்கூடியது. இழுவிசையானால் சுமார் 100 கிலோகிராமிலேயே முறிந்துவிடக்கூடும்.

மண்டபத்தில் தூண் அமுக்கத்தை மட்டுமே தாங்குகிறது. ஆகவே அதைப் பற்றிக் கவலையில்லை. இரு தூண்களின்மேல் கிடக்கும் உத்தரம்தான் வளைகிறது. சிற்பி கவனிக்க வேண்டிய இடம் அதுவே.

பாதித் தூண்கள் போதுமா?

ஓர் உத்தரத்தின் நீளத்தை இரு மடங்காக்கினால் அதன்மேல் உள்ள சுமையும் இரு மடங்காகும். அச்சுமை தாங்கும் முனையிலிருந்து இரு மடங்கு தொலைவில் செயல்படும். எனவே அடிப்பரப்பின் இழுவிசை 2 × 2 = 4 மடங்கு ஆகிறது.

கணக்குக்காக, ஓர் அடி தடிப்புள்ள உத்தரம் 6 அடி இடைவெளியில் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் சொந்த எடையால் அடிப்பரப்பில் தோன்றும் இழுவிசை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2½ கிலோகிராம்தான். ஆனால் அதன்மேல் கூரைப் பலகைக்கற்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் மேலே செங்கல், சுண்ணாம்புத் தளம். இவையெல்லாம் சேர, மொத்தச் சுமை உத்தரத்தின் சொந்த எடையைப்போல் 9 மடங்கு என்று கொண்டால் இழுவிசை 22 கிலோகிராமைத் தாண்டும். கல் தாங்கக்கூடியதில் ஏறக்குறைய கால் பங்கு. அச்சமில்லை.

ஒன்றுவிட்டு ஒரு தூணை எடுத்துவிட்டால்? இடைவெளி 12 அடி. இழுவிசை நான்கு மடங்கு. அதாவது 90 கிலோகிராம்! கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால் போதும், கூரை இறங்கிவிடும்.

உத்தரத்தைத் தடிப்பாக்கலாமே என்று கேட்பீர்கள். ஆக்கலாம். அப்போது கல்லின் எடையும் கூடும். அதைத் தூக்கி ஏற்றுவது கடினமாகும். நம் சிற்பிகள் வேறொரு வழியும் கண்டார்கள். தூணின் உச்சியில் இரு புறமும் கை நீட்டியதுபோல் இருக்கிறதே போதிகை, அது வெறும் அலங்காரமன்று. உத்தரத்தை முன்னதாகவே தாங்கி, இடைவெளியைக் குறைக்கிறது.

தூணில்லாத மாளிகை

வேறு வகையில் இச்சிக்கலைத் தீர்த்தவர்களும் உண்டு. கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், ஜஸ்டினியன் பேரரசர் கட்டிய ஹாகியா சோபியா தேவாலயம் 537இல் நிறைவுற்றது. 1453 வரை கிழக்கத்திய கிறிஸ்தவர்களின் தலைமைப் பேராலயமாக விளங்கிய இது, இன்று மசூதியாக உள்ளது. இதன் நடுக்கூடத்தில் தூண்களே இல்லை. மேலே சுமார் 31 மீட்டர் குறுக்களவுள்ள செங்கல் கவிகை. கியேவ் நகரத்தின் 11ஆம் நூற்றாண்டுப் பேராலயம் உள்பட, பிற்காலக் கிழக்கத்தியப் பேராலயங்கள் பலவும் கவிகை முறையையே பின்பற்றின.

கவிகையில் செங்கற்கள் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டு நிற்கின்றன. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. ஒரு தடித்த தாளை வில்லாக வளைத்து மேசைமேல் நிறுத்தி, உச்சியில் அழுத்துங்கள். அதன் கால்கள் இருபுறமும் விலகி ஓடும். கவிகையும் இவ்வாறே சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. தட்டையான கவிகையில் இத்தள்ளுதல் அதிகம். நிலநடுக்கங்களால் பலவீனமடைந்த ஹாகியா சோபியாவின் முதல் கவிகை 558இல் இடிந்தது. பிறகு அதை முன்னைவிட உயரமாகக் கட்டினார்கள்.

நெல்லை மண்டபத்தில் பக்கவாட்டுத் தள்ளுதலே இல்லை. எடை முழுவதும் நேரே கீழே இறங்குகிறது. அதற்குக் கொடுத்த விலைதான் ஆயிரம் தூண்கள்.

நாம் செய்ய வேண்டியது

இவ்வுண்மை தெரிந்தவர் பழைய மண்டபத்தின் கூரைமேல் புதிய தளத்தையும் பாரத்தையும் ஏற்றத் தயங்குவார். உத்தரத்தின் அடிப்புறத்தில், நடுப்பகுதியில் கீறல் கண்டால் அலட்சியம் செய்யமாட்டார். இழுவிசை வேலை செய்யும் இடம் அதுவல்லவா? இதே கோயிலின் மணி மண்டபத்தில், ஒரே கல்லில் செதுக்கப்பட்ட மெல்லிய இசைத்தூண்கள் உள்ளன. தட்டும்போது அவை வளைந்து அதிர்வதால்தான் ஒலி பிறக்கிறது. ஓசை கேட்கும் ஆசையில் கல்லாலும் நாணயத்தாலும் அவற்றைத் தட்டுவது, முறியக்கூடிய பொருளை மீண்டும் மீண்டும் வளைத்துப் பார்ப்பதாகும்.

அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயிலுக்குச் செல்லும்போது தூண்களின் இடைவெளியைக் காலடியால் அளந்து பாருங்கள். சில இடங்களில் நடுவழியின் இடைவெளி மட்டும் சற்று அகலமாக இருக்கும். அங்கே சிற்பி போதிகையையும் உத்தரத்தையும் எப்படி மாற்றி அமைத்திருக்கிறார் என்று கவனியுங்கள். ஏன் அப்படிச் செய்தார் என்பதை இனி நீங்களே கூறிவிடுவீர்கள்.