ஏழெழுபது என்றால் எத்தனை?

கேள்வி: பைபிளில் ஏழு என்ற எண் அடிக்கடி வருவது ஏன்? ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னது 490 தடவை என்ற கணக்கா?

பதில்: கணக்கே அல்ல. எபிரெய மொழியில் ஏழைக் குறிக்கும் சொல்லும் சத்தியம் செய்வதைக் குறிக்கும் சொல்லும் ஒரே எழுத்துகளால் ஆனவை. ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக் குட்டிகளைத் தனியே நிறுத்தி அபிமெலேக்கோடு உடன்படிக்கை செய்த இடத்துக்குப் பெயெர்செபா என்று பெயர் வந்தது அப்படித்தான். ஏழாம் நாள் மனிதருக்கு ஓய்வு, ஏழாம் வருடம் நிலத்துக்கு ஓய்வு. ஏழு என்றால் நிறைவு.

மன்னிப்புக்கு வருவோம். ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தில் லாமேக்கு என்றொருவன். தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றுவிட்டு மனைவியரிடம் பெருமை பேசுகிறான்: காயீனுக்கு ஏழு மடங்கு பழி என்றால் தனக்கு எழுபத்தேழு மடங்காம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அங்கே வரும் அதே தொடர்தான் மத்தேயு 18:22-இல் பேதுருவுக்கு இயேசு தரும் பதிலிலும் இருக்கிறது. அதனால் சில மொழிபெயர்ப்புகள் அங்கேயும் எழுபத்தேழு என்றே எழுதுகின்றன. ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று பேதுரு கேட்டதே தாராளம்தான். ஆனால் லாமேக்கு பழிக்கு வைத்த அளவையே எடுத்து, இயேசு அதை மன்னிப்புக்கு வைத்துவிட்டார். இதை முதன்முதலாகக் கவனித்த அன்று, மேலே படிக்க முடியாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.