போர்டு எழுத வரும் பிள்ளைகளுக்கு

1. பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் பென்சிலால் நம் ஊர்ப் பெயரையே எழுதிப் பழகுங்கள். திருப்பனந்தாள்: எட்டெழுத்து. 'தி'யின் மேல்விலங்கு மேலே ஏறுகிறது, 'ரு' கீழே இறங்குகிறது, மூன்று எழுத்துகளுக்குத் தலைமேல் புள்ளி வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு மேலும் கீழும் இரண்டு கோடு போதும். தமிழுக்கு நாலு கோடு போடுங்கள்: எழுத்தின் உடலுக்கு நடுவில் இரண்டு, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒவ்வொன்று. இதைச் செய்யாதவன் போர்டில் புள்ளி விளிம்பில் போய் முட்டும்.

2. புள்ளியைக் கடைசியில் நினைத்துக்கொண்டு வைக்காதீர்கள். சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. நின்று படிப்பவர் ஊகித்துக்கொள்வார். அணைக்கரை பஸ்ஸில் போகிறவருக்கு அந்த அவகாசம் இல்லை.

3. ரகரத்துக்குப் பாதம் உண்டு, துணைக்காலுக்கு ('ா') இல்லை. இதை மறக்கவே கூடாது.

4. எழுத்தைச் சிறிதாக்கினால் சுழிக்குள் இருக்கும் வெளி முதலில் அடைபடும். தரங்கம்பாடியில் பாதிரியார் சீகன்பால்கு அச்சடிக்கத் தொடங்கியபோது ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரியவை, காகிதத்தைத் தின்றன. சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்த பிறகுதான் 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி முடிந்தது. சின்ன எழுத்தைத் தனியாகவே வரைய வேண்டும். பெரியதைச் சுருக்கினால் ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும்.

5. 1978 அரசாணை 13 எழுத்துகளின் வடிவை மாற்றியது. பழைய போர்டில் தும்பிக்கை வைத்த 'லை', 'னை' இருந்தால் கடைக்காரரைக் கேட்காமல் திருத்தாதீர்கள்.

6. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிய வடிவமைப்பாளர்கள் ரோமன் எழுத்தை அதற்கே உரிய தனிக் கலையாக எடுத்துக்கொண்டு பழகினார்கள். கமெகுரா யூசாகு செய்த 1964 டோக்கியோ ஒலிம்பிக் சுவரொட்டியைத் தேடிப் பாருங்கள். பெரிய சிவப்பு வட்டம், அதன் கீழே பொன்னிற வளையங்கள், அடியில் ரோமன் எழுத்தில் டோக்கியோ 1964. அலங்காரம் ஏதும் இல்லை. கனமும் இடைவெளியும் மட்டுமே வேலை செய்கின்றன. நம் தெருவில் என்ன நடக்கிறது? ஆங்கில எழுத்தின் கூர்முனைகளைத் தமிழில் ஒட்டுகிறார்கள். தமிழின் அழகு வளைவில் இருக்கிறது, அதை வெட்டாதீர்கள். இரண்டு மொழியும் ஒரே போர்டில் வந்தால், தமிழின் உடல் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்கு வரட்டும்; மொத்த உயரத்தைச் சமமாக்கினால் தமிழ் குன்றிப்போய்த் தெரியும்.

7. பிளெக்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கும் சொல்கிறேன். இடம் போதவில்லை என்று எழுத்தை மவுஸால் இழுத்து நசுக்காதீர்கள். நிமிர்ந்த கோடு மெலிந்து, படுத்த கோடு தடித்துத் தெரியும். எழுத்தளவைக் குறையுங்கள், அல்லது வாசகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

8. கும்பகோணம் சாலையில் கையால் எழுதிய உரக்கடை, அரிசி ஆலை போர்டுகளை எங்கே கண்டாலும் நின்று படம் எடுங்கள். மேலே புதுப் பெயிண்ட் ஏறிவிட்டால் அந்த எழுத்து திரும்பி வராது.