இன்னும் நடக்கலையா? ராத்திரி தூங்கலையா?
ஒரு வயதைக் கடந்த குழந்தையின் பெற்றோர் அறிய வேண்டியவை

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே இருக்கும் நெல்லிக்குப்பத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். அப்பா சர்க்கரை ஆலையில் ஷிப்ட் முடிந்து விடியலில் வீடு திரும்புகிறார். அம்மா ராத்திரி மூன்று முறை எழுந்து தூளி ஆட்டிய களைப்பில் இருக்கிறார். குழந்தைக்கு 14 மாதம். சுவரைப் பிடித்து நிற்கிறது, ஆனால் கையை விட்டால் உட்கார்ந்துவிடுகிறது. எதிர்வீட்டுப் பாட்டி கேட்கிறார்: “எங்க பேரன் பத்து மாசத்துலயே நடந்துட்டான், இது இன்னும் நடக்கலையா?”

இதே காட்சி நெய்வேலி நகரியத்தின் குடியிருப்பிலும் நடக்கும், உங்கள் தெருவிலும் நடக்கும். பாட்டியின் கேள்வியில் தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டு வீணாகப் பயப்படவும் வேண்டாம், “தானா நடக்கும்” என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கவும் வேண்டாம். எதுவரை காத்திருக்கலாம், எப்போது காட்ட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்லும் பாடம்.

எத்தனை மாதத்தில் நடக்க வேண்டும்?

நம் பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையை ‘வா’ என்று அழைக்கும் வருகைப் பருவத்தை ஓராண்டு நிறைவை ஒட்டியே வைத்தன. இன்றைய அளவீடும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளில் 800-க்கும் மேற்பட்ட ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. அதன்படி:

• பிடிமானம் இல்லாமல் உட்காருதல்: 3.8 முதல் 9.2 மாதம்
• பிடித்துக்கொண்டு நிற்றல்: 4.8 முதல் 11.4 மாதம்
• பிடித்துக்கொண்டு நடத்தல்: 5.9 முதல் 13.7 மாதம்
• தனியே நிற்றல்: 6.9 முதல் 16.9 மாதம்
• தனியே நடத்தல்: 8.2 முதல் 17.6 மாதம்

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். ஒரு குழந்தை 9 மாதத்தில் நடப்பதும் இயல்பு, இன்னொன்று 17 மாதத்தில் நடப்பதும் இயல்பு. சீக்கிரம் நடந்த பிள்ளை அதிக புத்திசாலி என்றும் பொருளில்லை. தவழாமலே நேராக எழுந்து நடக்கும் குழந்தைகளும் உண்டு. அந்த ஆய்வில் நூற்றுக்கு நான்கு பேர் அப்படித்தான். உட்கார்ந்தபடியே நகரும் குழந்தைகள் பெரும்பாலும் சற்றுத் தாமதமாக நடப்பார்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால், இன்றைய வயதில் இரண்டு மாதத்தைக் கழித்துப் பாருங்கள். இரண்டு வயது வரை இப்படித்தான் கணக்கிட வேண்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

18 மாதம் முடிந்தும் தனியே நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் 18 மாதம் வரைகூட காத்திருக்க வேண்டாம்:

• 9 மாதம் முடிந்தும் உட்காரவில்லை. 12 மாதம் முடிந்தும் பிடித்துக்கொண்டுகூட நிற்கவில்லை
• கால்கள் விறைப்பாக, கத்திரிபோல் குறுக்கே போகின்றன. அல்லது உடம்பு துணிபோல் தொய்கிறது
• ஒரு வயதுக்கு முன்பே ஒரே கையை மட்டும் பயன்படுத்துகிறது, அல்லது ஒரு காலை இழுக்கிறது
• மணிக்கட்டு தடித்து, கால் எலும்பு வளைந்து தெரிகிறது
• பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, முகம் பார்ப்பதில்லை
• முன்பு செய்ததை இப்போது செய்வதில்லை. இது எந்த வயதிலும் உடனே காட்ட வேண்டிய அறிகுறி

காரணம் இடுப்பு மூட்டில் இருக்கலாம், தசையில் இருக்கலாம், மூளை வளர்ச்சியில் இருக்கலாம், வைட்டமின் டி குறைவாகவோ தைராய்டு குறைவாகவோ இருக்கலாம். சிலவற்றை மருந்தே சரிசெய்துவிடும். மற்றவற்றுக்கு இயன்முறைப் பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு பலன். “இவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தார்” என்ற பேச்சு பல நேரம் உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்தப் பேச்சை நம்பி இரண்டு, மூன்று வயது வரை தள்ளிப்போட்டால், குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய நல்ல காலம் கைநழுவிப் போகும்.

ராத்திரி ஏன் விழிக்கிறது?

1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காகக் குழந்தை விடிய விடிய ஒரே மூச்சில் தூங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரியவர்களான நாமும் இரவில் பலமுறை லேசாக விழித்து, புரண்டு படுத்து, அதை மறந்தே போகிறோம். குழந்தைக்கு அப்படித் தானாகத் திரும்பத் தூங்கத் தெரிவதில்லை. தூளியில் ஆடியே தூங்கிப் பழகிய குழந்தை, நடுராத்திரி விழித்தாலும் அதே ஆட்டத்தைக் கேட்கும். பால் குடித்தபடியே தூங்கும் குழந்தை பாலைக் கேட்கும்.

புதிதாகத் தவழவோ, நிற்கவோ கற்கும் நாட்களில் இரவு விழிப்பு கூடுவது சகஜம். அம்மாவைப் பிரியும் பயமும் இந்த வயதில்தான் அதிகம். இவை சில வாரங்களில் தணியும். இரவில் விழிப்பதால் நடை தாமதமாகாது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவு போன்ற ஒரே காரணம் இரண்டுக்கும் பின்னால் இருக்கலாம். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே கவனிக்கச் சொல்கிறோம். குழந்தை வெளிறி இருக்கிறதா, மண், சாம்பல் தின்கிறதா, குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறதா, ஆசனவாயைச் சொறிந்துகொண்டு அழுகிறதா, எடை ஏறவில்லையா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. தரையில் விடுங்கள். வெறுங்காலோடு, பிடித்து நிற்க உறுதியான ஒரு பெட்டியோ நாற்காலியோ இருந்தால் போதும். தினமும் கொஞ்ச நேரம் வெளியே வெயில் படும்படி விளையாடட்டும்.

2. உட்கார வைத்து உருட்டும் வாக்கர் வேண்டாம். அது நடக்கக் கற்றுத்தராது, படியில் கவிழும் ஆபத்தும் உண்டு. கனடா நாட்டில் 2004-லேயே அதன் விற்பனைக்குத் தடை வந்துவிட்டது. நம் மர நடைவண்டி வேறு வகை. குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அதைத் தரலாம்.

3. படுக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். ஷிப்ட் வேலை உள்ள வீடுகளில் அப்பா வரும் நேரம் வாரத்துக்கு வாரம் மாறும்; குழந்தையின் நேரம் மாறக் கூடாது. சாப்பாடு, உடம்பு துடைத்தல், விளக்கைக் குறைத்தல், ஒரு தாலாட்டு என்று தினமும் ஒரே வரிசையில் நடக்கட்டும். செல்போன் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம்.

4. முழுதாகத் தூங்கும் முன்பே, கண் சொக்கும்போது பாயில் படுக்க வையுங்கள். தட்டிக் கொடுங்கள். விழித்தால் விளக்கைப் போடாமல், மெல்லிய குரலில் அதையே செய்யுங்கள். எழுந்து நிற்கத் தெரிந்த குழந்தையைத் தூளியில் தனியே விட்டுப் போகாதீர்கள்.

5. தூக்கத்துக்கென்று சளி மருந்து, கசகசா, வசம்பு, பிராந்தி எதையும் கொடுக்காதீர்கள். குழந்தையின் மூச்சையே பாதிக்கக்கூடிய ஆபத்து இதில் இருக்கிறது.

6. பால் அளவோடு இருக்கட்டும். நாள் முழுக்கப் பசும்பாலே குடிக்கும் குழந்தைக்கு இரும்புச்சத்து குறையும். கீரை, முட்டை, பருப்பு, கேழ்வரகு, அங்கன்வாடியில் தரும் சத்துமாவு ஆகியவற்றைச் சேருங்கள். டீ வேண்டாம். நெல்லிக்காய், எலுமிச்சை சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும்.

அரசு தரும் சேவைகள்

தடுப்பூசி நாளே முதல் வாய்ப்பு. 9 மாதத் தடுப்பூசிக்குப் போகும்போது “உட்காருது, நிற்கப் பார்க்குது” என்றும், 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் தடுப்பூசிக்குப் போகும்போது “நடக்குது” அல்லது “இன்னும் நடக்கலை” என்றும் சுகாதார செவிலியரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப் தருவது அரசுத் திட்டம். செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேட்டு வாங்குங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் குடற்புழு நீக்க மருந்தும் தரப்படுகிறது.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் அவர்கள் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மாவட்ட அளவிலான ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே குழந்தை மருத்துவம், இயன்முறைப் பயிற்சி, செவி மற்றும் பேச்சுப் பரிசோதனை எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கும். குழு வரும் நாள் வரை பொறுக்க முடியாதென்றால் நேரே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனையும் கேட்கலாம்.

போகும்போது தாய் சேய் நல அட்டையையும், பிறந்த எடை, எத்தனை மாதத்தில் பிறந்தது என்ற விவரங்களையும் எடுத்துச் செல்லுங்கள். குழந்தை நிற்பதை, நகர்வதை, தூக்கத்தில் மூச்சு விடுவதை செல்போனில் ஒரு நிமிடம் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் குழந்தை பயந்து அழுதால், மருத்துவருக்கு அந்தப் படம் உதவும்.

இறுதியாக ஒன்று. குழந்தை நடக்கத் தாமதமானால் “அம்மா சரியா கவனிக்கலை” என்று சொல்லும் வழக்கத்தை விடுவோம். ராத்திரி மூன்று முறை எழுந்தவருக்குத் தேவை குறை சொல்லும் வாய் அல்ல, ஒரு முறையாவது அவருக்குப் பதிலாக எழுந்து தட்டிக்கொடுக்கும் கை. அப்பாமார்களே, ஷிப்ட் இல்லாத இரவில் அந்தக் கை உங்களுடையதாக இருக்கட்டும்.

நினைவில் கொள்க: 18 மாதம் வரை ஊக்கம் கொடுங்கள், 18 மாதம் தாண்டினால் காட்டுங்கள், கற்றதை மறந்தால் அன்றே காட்டுங்கள்.