மருந்தடித்ததாலா? - நிணநீர்ப் புற்றுநோய் பற்றி ஒரு தேடல்

கிள்ளானில் இருக்கும் என் பாட்டிக்குக் கழுத்தில் வலியில்லாத ஒரு கட்டி. சதையில் சிறிது எடுத்துச் சோதித்த மருத்துவர் ‘லிம்ஃபோமா’ என்றார். பாட்டி செம்பனைத் தோட்டத்தில் பதினெட்டு ஆண்டுகள் மருந்தடித்தவர். குடும்பத்தில் உயிரியல் படிப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே, “மருந்தடிச்சதாலதான் வந்துச்சாய்யா?” என்று என்னையே கேட்டார். பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறைக்குத் திரும்பித் தேடியதன் விளைவே இக்கட்டுரை. அறிவியலைத் தமிழில் படித்தது ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டது. கலைச்சொற்களில் பிழையிருந்தால் பொறுத்தருள்க.

நம் உடலைக் காக்கும் வெள்ளை அணுக்களில் ஒருவகை லிம்ஃபோசைட். இவை கட்டுப்பாடின்றிப் பெருகுவதே லிம்ஃபோமா. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் உள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கலாம். காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவும் வரலாம்.

முதலில் வைரஸ். உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் வளரும் ஒரு புற்றுக்கட்டியை 1958இல் விவரித்தார். 1964இல் எப்ஸ்டைன், அச்சோங், பார் ஆகிய மூவரும் அக்கட்டியின் அணுக்களில் ஒரு வைரசைக் கண்டனர். அதுவே எப்ஸ்டைன்-பார் வைரஸ். வியப்பு என்னவென்றால், உலகில் பெரியவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் உடலில் இது உண்டு. இதை வாசிக்கும் உங்களிடமும் இருக்கலாம்! பிறகு ஏன் எல்லாருக்கும் புற்று வருவதில்லை? பர்கிட் கண்ட நோய் மலேரியா மிகுந்த பகுதிகளிலேயே அதிகம். மலேரியா பி வகை அணுக்களை ஓயாமல் பெருகத் தூண்டுகிறது. வைரசை அடக்கி வைக்கும் டி வகை அணுக்களைத் தளர்த்துகிறது. அப்படிப் பெருகும்போது குரோமோசோம் ஒன்றின் துண்டு இடம் மாறினால் புற்று தொடங்குகிறது. ஆக, வைரஸ் தனியாக அல்ல, துணையோடுதான் வேலை செய்கிறது. எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் சி ஆகியவையும் லிம்ஃபோமா ஆபத்தைக் கூட்டுபவையே.

அடுத்தது மருந்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் லிண்டேன் என்னும் பூச்சிக்கொல்லி மனிதருக்கு லிம்ஃபோமாவை உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியது. களைக்கொல்லியான கிளைஃபோசேட்டை அதே ஆண்டில் ‘அநேகமாகப் புற்று உண்டாக்குவது’ என்றது. ஆனால், அமெரிக்காவில் 54,000க்கும் மேற்பட்ட மருந்தடிப்போரைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளிவந்த ஆய்வு, கிளைஃபோசேட்டுக்கும் லிம்ஃபோமாவுக்கும் பொதுவான தொடர்பைக் காணவில்லை. விவாதம் முடியவில்லை. நம் தோட்டங்களில் அனைவரும் அஞ்சிய பாராகுவாட்டை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அது உடலுக்குள் போனால் நுரையீரலைக் குலைத்துக் கொல்லும் நஞ்சு. அதை வைத்து மட்டும் லிம்ஃபோமாவுக்குப் பதில் சொல்லிவிட முடியாது. எந்த மருந்து, எத்தனை ஆண்டு, கையுறை உண்டா என்பதெல்லாம் தெரிய வேண்டும்.

அடுத்த வாரம் கிள்ளானுக்குப் போய்க் கேட்டேன்.

“பேரு யாருய்யா சொன்னா? மண்டோர் தண்ணியில கலக்கிக் குடுப்பாரு, நாங்க முதுகுல மாட்டிக்கிட்டு அடிப்போம். ஒன்னு நீலமா இருக்கும், ஒன்னு பாலு மாதிரி. கையுறையா? பழைய சட்டையக் கிழிச்சு மூக்குல கட்டிக்குவோம், அவ்வளவுதான்.”

நீலம், பால்நிறம், பதினெட்டு ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி, மருத்துவரிடம் காட்டச் சொல்லி பாட்டியின் அட்டையோடு சேர்த்து வைத்தேன்.